லயத்து முற்றமும் பட்டா இல்லாத சரிவும்: நீலகிரியில் மண்ணை மீட்க நினைப்போருக்கான கேள்வி பதில்கள்

இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களும், அவர்களிடையே வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களும், ஆர்வத்தோடு மலையேறி வரும் மாணவர்களும் தேய்ந்துபோன மண்ணை மறுபடி வளமாக்குவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். சமவெளி முகாம்களுக்குச் சில பதில்கள் பொருந்தும், சில பொருந்தா.

நீலகிரியில் அகதிகள் இருக்கிறார்களா?

இலங்கையிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் சட்டப்படி அகதிகள் அல்லர், தாயகம் திரும்பியோர். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அங்கே மலையகத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்டுச் செய்த பங்கீடு அல்ல அது.

தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு மறுவாழ்வுத் திட்டம் எங்கே அனுப்பியதோ அங்கே போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டேன்டீ ஆனது. கொழுந்து பறிக்கவும், செடியை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து அடிக்கவும், கான் என்ற வடிகால் வெட்டவும் தெரிந்தவர்கள் என்பதால்தான் இவர்களை மலைக்கு அனுப்பினார்கள். டேன்டீயில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்தும் தாக்குப்பிடிக்காதவர்களும் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தனியார் தோட்டங்களிலும் சாலையோரச் சரிவுகளிலும் குடியேறினார்கள்.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களின் கதை வேறு. அவர்களின் முகாம்கள் மண்டபம், கும்மிடிப்பூண்டி, பவானிசாகர் என்று சமவெளியில் இருக்கின்றன. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், அங்கே இருப்பவர்களுக்கு அகதி என்ற சட்டப் பாதுகாப்பும் கிடையாது.

இரு தரப்புக்கும் பொதுவானது ஒன்று உண்டு. இருக்கும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

மண் மீட்பு என்பது இயற்கை விவசாயம்தானே?

நெருங்கிய சொந்தம். இயற்கை விவசாயம் ரசாயனத்தை நிறுத்துகிறது. மண் மீட்பு அதோடு நில்லாமல், எடுத்ததைவிடக் கூடுதலாக மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறது. ரசாயனம் போடாமலேயே மண்ணைச் சாகடிக்க முடியும். சரிவில் மண்ணை வெறுமையாக விட்டு ஒரு ஜூன் மாத மழையை வாங்கினால் போதும்.

லயத்துக்கு முன்னால் ஆறடி இடம்தான் இருக்கிறது. அதில் என்ன செய்துவிட முடியும்?

நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு என்றால் ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன்திண்ணை), முன்னால் ஒரு சாக்கடை, அதைத் தாண்டி ஒரு சிறு மண் திட்டு. அந்தத் திட்டை உற்றுப் பார்த்தால் பலவும் கண்ணில் படும். பெயின்ட் டப்பாவில் வல்லாரை, கிழிந்த உரச்சாக்கில் உருளைக்கிழங்கு, கூரைக்கு ஏறும் மேரக்காய் (சௌசௌ) கொடி, மூலையில் ஒரு ரம்பை. இலங்கைச் சமையலில் கறிக்கும் சோற்றுக்கும் வாசம் கொடுக்கும் ரம்பையை மூன்றாம் தலைமுறையும் விடாமல் வைத்திருக்கிறது. புதிதாகத் தோட்டம் போடக் கற்றுக்கொடுக்கிறேன் என்று வருபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். தோட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மண்ணும் தண்ணீரும்தான் போதவில்லை.

பல ஆண்டுகள் அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் போட்ட தேயிலைத் தோட்டத்து மண் புளித்துப்போயிருக்கும். தேயிலை அமில மண்ணை விரும்பும், 4.5 முதல் 5.5 வரையான கார அமில நிலை (pH) அதற்கு உகந்தது. பீன்ஸ், முட்டைக்கோஸ், கீரை வகைகளுக்கு அது ஆகாது. கவ்வாத்தை ஒட்டித் தேயிலைக்கு டோலமைட் (சுண்ணாம்புச் சத்துள்ள கல் தூள்) போடுவது தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த வழக்கம். வீட்டுத் திட்டுக்கும் ஒரு பிடி டோலமைட், அது இல்லாவிட்டால் சலித்த அடுப்புச் சாம்பல் போதும். சாம்பலை அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. தூவி, கிளறி, இரண்டு வாரம் விட்டு விதைக்க வேண்டும்.

மக்கு எரு குன்னூர், ஊட்டிக் குளிரில் மெதுவாகத்தான் ஆகும். கூடலூரில் இரண்டரை மாதத்தில் கறுப்பாகி வாசம் மாறிவிடும் குவியல், மேலே நான்கு மாதம்கூட எடுக்கும். தார்ப்பாய் போட்டு மூடினால் சூடும் நிற்கும், கரடியும் கொஞ்சம் தள்ளி நிற்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள எச்சிலைக் குவியலில் போடாதீர்கள். விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கக் கரடி கோயில் கதவையே உடைக்கும் ஊர் இது.

பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல், கருங்கல் சல்லி போட்ட ஒரு சிறு குழி வழியாக மேரக்காய்க்கோ மரத்தக்காளிக்கோ விடலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் தயாரிக்கச் சொல்கிறார்கள். எங்களிடம் மாடு இல்லையே?

தோட்டக் குடியிருப்புகளில் மாடு வளர்க்க இடமும் இல்லை, பல நிர்வாகங்களில் அனுமதியும் இல்லை. மாடு உள்ளவரிடம் சாணம் விலைக்கு வாங்கிக் கரைசல் தயாரிப்பதைவிட, கோழி எருவும் இலைச் சருகும் சேர்த்து மக்க வைப்பது மலிவு. ஐந்து கோழி வளர்க்கும் வீட்டுக்கு எருவும் முட்டையும் சேர்ந்து கிடைக்கும்.

சரிவில் மண் ஓடுகிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தேக்கலாமா?

வறண்ட ஊர்களில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி இது. அந்த ஊர்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பந்தலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் ஒரு வாரத்தில் கொட்டிவிடும். வீட்டுக்கு மேலே உள்ள செங்குத்துச் சரிவில் குழி வெட்டித் தண்ணீரைத் தேக்கினால், தண்ணீர் உள்ளே இறங்கி, மண் கனத்து, சரிவே கழன்று வரும். 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நீலகிரியில் சரிவு விவசாயத்தின் வேலை, தண்ணீரை வேகம் குறைத்து ஓரமாக வழியனுப்புவது.

அதற்குச் சமமட்டக் கோடு தெரிய வேண்டும். கருவி எளியது. ஆளுயரத்துக்குச் சற்று அதிகமான இரண்டு குச்சிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் குச்சி கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் குச்சியைத் தாண்டிக் கீழே தொங்க வேண்டும். இரண்டு கால்களும் படும் இடத்தில் தரையில் அடையாளமிட்டு, கயிறு குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, இடது கால் நின்ற இடத்தில் வலது காலை வைத்து, மறுபடி ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் மூன்றாவது கோடு. கயிறு அங்கே நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று பொருள். இனிச் சரிவின் குறுக்கே ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுற்றிச் சுற்றி நடத்தி, நடுக்கோட்டில் கயிறு நிற்கும் இடமெல்லாம் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போகலாம்.

அந்தக் கோட்டில் புல் நட வேண்டும். கூடலூர் உயரத்தில் வெட்டிவேர் நன்றாக வரும். தேயிலைத் தோட்டங்களில் வளர்க்கும் மானா, குவாத்தமாலா புற்களும் இந்த வேலைக்கு ஆகும். நட்ட புல்வரிசைக்கு மேல்பக்கம் ஓடிவரும் மண் தங்கி, மூன்று நான்கு மழைக்காலத்தில் தானாகவே ஒரு படி உருவாகும். புல்லுக்கு மேலே உள்ள கானைச் சிறிது சாய்வாக வெட்டி, பாறையோ புதரோ உள்ள பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

ஜேசிபி வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் மலையில் அதை இறக்குவது குற்றம், சரிவுக்கும் கேடு.

மானாப் புல்லைப் பற்றி வயதானவர்கள் மட்டும் சொல்கிறார்களே?

சொல்லட்டும், கேளுங்கள். இலங்கையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்வதற்கு முன், அந்த மண்ணில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் மானாவோ குவாத்தமாலாவோ வளர்த்து, அவ்வப்போது அறுத்து அங்கேயே பரப்புவார்கள். ஆழமாக இறங்கும் வேர் இறுகிய மண்ணைப் பிளக்கும், அறுத்த புல் மக்கி உரமாகும், தேயிலையை அரிக்கும் நூற்புழுவும் குறையும். இன்று மண் மீட்பு என்று பயிற்சி முகாம்களில் நடத்தப்படும் பாடத்தை, ஹட்டனிலோ பதுளையிலோ பதினைந்து வயதில் கையால் செய்து பழகிய பாட்டிகள் கோத்தகிரியில் இன்னும் இருக்கிறார்கள். பயிற்சியாளருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தால் பாடம் இன்னும் தெளிவாக நடக்கும்.

கவ்வாத்தில் வெட்டிய மிலாரை (கிளைகளை) விறகுக்கு எடுத்துவிடுகிறோம். அது தவறா?

மண்ணுக்கு இழப்பு, அடுப்புக்குத் தேவை. நான்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கவ்வாத்தில் விழும் இலையும் மிலாரும் அந்த நிலத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய இயற்கை எரு. அதை வாரிக்கொண்டு போனால் அடுத்த மழைக்கு வெறும் மண்தான் நிற்கும். ஆனால் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்ணிடம் போய் மண்ணின் கரிமச்சத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் இதை வேறு வழியில் தீர்த்தார்கள். 2017இல் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் ஓடிவந்தபோது, குடிசைக்கும் விறகுக்கும் குன்றுகள் மொட்டையாயின, மழையில் சரிந்தன. 2018இலிருந்து குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு கொடுக்கத் தொடங்கியதும் விறகுத் தேவை பெருமளவு குறைந்தது. அதன் பிறகுதான் நட்ட மரமும் புல்லும் நின்றன. சரிவுகளில் வெட்டிவேர் நட்டதும் அதே முகாம்களில்தான்.

எனவே லயத்தில் மண் திட்டம் போடுவோர் முதல் வரியில் சிலிண்டரை எழுத வேண்டும். சிலிண்டர் வாங்கிய பிறகும் வெந்நீருக்கு விறகு எரியும், மலைக் குளிரில் அது நிற்காது. தடித்த மிலாரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, இலையையும் மெல்லிய குச்சியையும் செடிக்கடியில் விடுவது என்று பேசி முடிவு செய்யலாம். வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் ஒத்துக்கொள்வார்.

பட்டா இல்லாத நிலத்தில் மரம் வைக்கலாமா?

வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த மரம், யார் வெட்டுவார்கள் என்று யோசித்துவிட்டு வையுங்கள்.

கூடலூர்ப் பகுதியில் 1969ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் (ஜமீன் போன்ற பழைய நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அடங்கும் நிலம் ஏராளம். அங்கே தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்பே பெரும்பாடு. டேன்டீ லயத்தில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போதாததற்கு, 2022இல் டேன்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. நாளை இருப்போமா என்று தெரியாத இடத்தில் பதினைந்து ஆண்டு கழித்துப் பயன் தரும் மரத்தை நடச் சொல்லிவிட்டு, மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று அறிக்கை எழுதுகிறார்கள். ஆர்வம் இருக்கிறது. நம்பிக்கைதான் இல்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது.

என் கணக்கு இப்படி. மூன்று மாதத்தில் பலன் தருவதையும் பெயர்த்துக்கொண்டு போகக்கூடியதையும் யாரும் எங்கேயும் செய்யலாம்: கீரை, பீன்ஸ், சாக்குப்பை உருளை, கோழி, எருக்குவியல். இரண்டு மூன்று ஆண்டு கேட்பவற்றை, அதாவது புல்வரிசை, கிளைரிசிடியா, மரத்தக்காளி போன்றவற்றை, நிர்வாகத்திடமோ ஊராட்சியிடமோ எழுத்தில் ஓர் ஒப்புதல் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். மிளகு, காப்பி, பலா என்று நிலைத்த பயிருக்குப் போகும் முன் பட்டா கேட்டு மனுக் கொடுங்கள். மண் மீட்புக்கு நிதி வைத்திருக்கும் நிறுவனம் அதில் ஒரு பங்கை வக்கீலுக்கும் நில அளவைக்கும் ஒதுக்குவது வீண் செலவு ஆகாது.

உகாண்டாவைப் பாருங்கள். அங்கே 2006ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் வேலை செய்யவும் விரும்பிய இடத்துக்குப் போகவும் உரிமை தருகிறது, குடும்பத்துக்குச் சிறு துண்டு நிலமும் கிடைக்கிறது. தென் சூடானியர்களுக்காக 2016இல் திறந்த பிடிபிடி அகதிக் குடியிருப்பில் வீட்டுத் தோட்டங்கள் பெருகியதற்கு அந்தத் துண்டு நிலம்தான் காரணம். ஜோர்டானின் சாத்தாரி முகாமில் நிலைமை நேர்மாறு: பாலைவனம், தண்ணீர்ப் பஞ்சம், மண்ணில் பயிரிட வழியில்லை. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்து ஆட்களும் சிரியா அகதிகளும் சேர்ந்து, கிழிந்த மெத்தைகளின் ஃபோமைத் துண்டுபோட்டு, பழைய டப்பாவில் அடைத்து, சத்துநீர் ஊற்றித் தக்காளி விளைவித்தார்கள். பெயர்த்துக்கொண்டு போகக்கூடிய தோட்டம் அது.

யானை வருமே?

வரும். நிழலுக்கும் கழிவுநீருக்கும் வாழை வையுங்கள் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். ஓவேலி, சேரம்பாடி, பந்தலூர்ப் பக்கம் வாசலில் வாழை வைப்பது யானைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். பலாவும் அப்படியே. பழுக்கும் முன் பிஞ்சிலேயே பறித்துவிட வேண்டும். மஞ்சள், மிளகாய், எலுமிச்சை, சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகு ஆகியவற்றை அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை. இஞ்சியையும் விடும். ஆனால் சரிவில் இஞ்சி போட்டால் மண்ணைப் புரட்ட வேண்டும், பூச்சிமருந்தும் அளவில்லாமல் இறங்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். கிழங்கு வகைகள் காட்டுப்பன்றிக்கு. அதனால்தான் சாக்குப்பையில் உருளை, அதுவும் திண்ணையில்.

காக்ஸ் பஜார் முகாம் யானை வழித்தடத்தின் மேலேயே அமைந்துவிட்டது. பத்துக்கும் மேற்பட்ட அகதிகள் மிதிபட்டு இறந்த பிறகு, அகதிகளிலிருந்தே காவற்குழுக்கள் அமைத்து, கோபுரத்தில் இரவுக் காவல் வைத்தார்கள். கூடலூரில் வனத்துறையின் யானைக் காவலுக்குத் தோட்டத்து இளைஞர்களைவிட வழி தெரிந்தவர் யார் என்று பல முறை நினைத்ததுண்டு.

உண்ணிச்செடியும் (லாண்டானா) சீகையும் (வாட்டில் மரம்) மண்டிக் கிடக்கின்றன. அவற்றை எருவாக்கலாமா?

உங்கள் முற்றத்திலும் தோட்ட ஓரத்திலும் இருப்பதைத் தாராளமாக. பூக்கும் முன் வெட்டிப் பரப்புங்கள், காய் விழுந்த பிறகு வெட்டினால் நீங்களே விதைத்த கதையாகிவிடும். காப்புக்காட்டுக்குள் நுழைந்து ஒரு குச்சி எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். உண்ணிச்செடித் தண்டு வளைந்துகொடுக்கும் என்பதால் கூடலூரில் பழங்குடிக் கைவினைஞர்கள் அதைக் கொண்டு நிஜ யானை அளவிலேயே யானை உருவங்கள் செய்து விற்கிறார்கள். நாற்காலி, கூடை பின்னவும் முடியும்.

இந்தக் காட்டை வெட்டித்தானே தேயிலை போட்டார்கள்? பழங்குடிகளுக்கு இதில் என்ன இடம்?

சங்கடமான கேள்வி, தவிர்க்கக் கூடாத கேள்வி. அரசு தேயிலைத் திட்டத்துக்கு வனத்துறை நிலம் வந்தது. அந்தக் காட்டில் பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் இருளரும் வாழ்ந்தார்கள். ஓர் அரசு தன் கடமையைத் தீர்க்க, துரத்தப்பட்ட ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தின் காட்டில் கொண்டுவந்து வைத்தது. கொழுந்துக்கூடை சுமந்தவர்கள் எடுத்த முடிவு அல்ல.

இப்போது வனத்துறைக்குத் திரும்பும் தேயிலை நிலத்தில் சோலையும் புல்வெளியும் மீண்டும் வர வேண்டுமானால் நாற்றங்கால் வேண்டும், களையெடுக்க ஆள் வேண்டும், பத்துப் பதினைந்து ஆண்டு கவனிப்பு வேண்டும். எந்த மரம் எந்த மடுவில் இருந்தது என்பது பழங்குடிப் பெரியவர்களுக்குத் தெரியும். நாற்று வளர்ப்பதும் சரிவில் நாள் முழுக்க நின்று வேலை செய்வதும் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கைவந்தது. இரு தரப்புக்கும் நிரந்தரச் சம்பளத்தோடு அந்த வேலையைக் கொடுக்கலாம். காமரூனின் மினாவாவோ முகாமில் நைஜீரிய அகதிகள், விறகுக்காகத் தாங்களே வெட்டித் தீர்த்த காட்டை, தண்ணீர் தேக்கும் அட்டை வளையங்களுக்குள் கன்று நட்டு மறுபடி எழுப்பினார்கள். அங்கே நாற்றங்கால் வேலையே ஒரு பிழைப்பாகவும் ஆனது.

இதில் வருமானம் வருமா?

வீட்டுத் தோட்டம் காய்கறிச் செலவைக் குறைக்கும், கூலிக்கு ஈடாகாது. அதற்கு மேல் ஆசை காட்டுபவர்களை நம்பாதீர்கள். நிலம் கொஞ்சம் நிலைத்த குடும்பங்களுக்குக் கூடலூரில் மிளகு நல்ல பணம்.

ஒரு நிறுவனமாக இங்கே வேலை செய்ய விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைக்காதீர்கள். ஆறு நாள் சரிவில் நின்ற பெண்ணுக்குத் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் இருக்கும் ஒரே நாள் அது. வார நாளில் வைத்து அன்றைய கூலியைக் கொடுங்கள். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுபவர்கள் ஆண்களாக இருப்பார்கள். எருக்குவியலைக் கிளறப்போவது யார் என்று பார்த்து அவர்களிடம் பேசுங்கள். விதையை இலவசமாக அள்ளிக் கொடுப்பதைவிட, ஒரு வீட்டு ரம்பையும் வல்லாரையும் அடுத்த வீட்டுக்குப் போக வழி செய்யுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கிவிடும். மார்ச்சில் எருக்குவியல் போட்டு, ஏப்ரல், மே கோடைமழையில் சமமட்டக் கோடு பார்த்துப் புல் நட்டுவிட்டால், பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்கிலிருந்து வருகிறது. அங்கே ஆகஸ்டுக்குள் புல் நட்டிருக்க வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும் பள்ளங்களில் இளம் நாற்று எதையும் வெட்டவெளியில் வைக்காதீர்கள். பழைய உரச்சாக்கை இரவில் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.